வெற்றித் தூணில் பதினோரு அப்பாக்கள்

எங்கள் ரங்கூன் சதுக்கத்தில் நிற்கும் கடற்படை வெற்றித் தூணுக்கு இப்போது ஒரு சரித்திரப் புத்தகம் வந்திருக்கிறது. வழவழப்பான தாளில் இருபது பக்கம். பாதிப் பக்கங்களில் கமிட்டித் துரைமார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதிப் பக்கங்களில் நிற்கிறார்கள். கல் எங்கிருந்து வந்தது, தூண் எத்தனை அடி உயரம், திறப்பு விழாவில் எந்தச் சீமாட்டி என்ன நிறத்தில் தொப்பி போட்டிருந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. தூணின் பின்பக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

பின்பக்கத்தை டைப் அடித்தவள் நான். இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் போன வாரம் வீட்டுக்கு வந்து, "அக்கா, பின்பக்கத்துப் பட்டியலைப் பத்தி ஃபைல்ல ஒண்ணுமே இல்லையே, என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். என்ன நடந்தது என்று எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். என் வீட்டுக்காரருக்கு இன்சீன் ரயில்வே பட்டறை ஆபீஸில் வேலை. நான் எழுதுவது அவருக்கு எதிராகத் திரும்புமோ என்று பயம். அவரிடமே கேட்டேன். "நீ எழுதினதை யாரு படிக்கப் போறா, எஸ்தரு? எழுது" என்றார். அது தைரியம் சொன்னதா, கேலி செய்ததா என்று இன்னும் தெரியவில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில்தான் எழுதுகிறேன். அவன் இருமினால் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். அங்கங்கே பேச்சு அறுந்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கேயே ஓர் ஆசிரியை மாலை வகுப்பில் டைப் சொல்லிக் கொடுத்தார். "பிழையில்லாமல் அடிப்பாள், கேள்வி கேட்க மாட்டாள்" என்று சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். இரண்டாவதும் பாராட்டு என்றே அப்போது நினைத்திருந்தேன்.

தூண் கமிட்டியின் ஆபீஸ் ஆற்றங்கரை ரோட்டில் ஒரு மாடி. செயலாளர் துரை ஒருவர், ஹெட்கிளார்க் ஒருவர், நான், ஒரு பியூன். ஹெட்கிளார்க்கின் பெயர் ஆசீர்வாதம். ஆபீஸில் அந்தப் பெயரை யாரும் அறிய மாட்டார்கள். துரைக்கு அவர் 'ஞானமுத்து'. ஞானமுத்து என்பவர் அவருடைய அப்பா. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கல்லறையில் பல வருஷமாகப் படுத்திருக்கிறார். துரை மணியடித்து "ஞானமுத்து!" என்றால் மகன் எழுந்து, கோட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டு ஓடுவார்.

அவர் குரலை உயர்த்த மாட்டார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கட்டளையைக் கேள்வியாகவே கேட்பார். "இந்தக் காகிதத்துக்கு இன்னைக்கே தபால்ல போகணும்னு ஆசை இருக்காதா, எஸ்தர்?" என்பார். "இந்த மார்ஜின் இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா அதுக்கு மூச்சு விட வசதியா இருக்காதா?" என்பார். தம் கையெழுத்தை எந்தக் காகிதத்திலும் போட்டதில்லை. மூலையில் பென்சிலால் ஒரு டிக். பென்சில் ஏனென்றால், அதை அழிக்கலாம்.

கமிட்டியில் ஒரு காகிதம் உருவாகும் முறை இது. மூலப்படி வரும். நான் இரண்டு கார்பன் வைத்து மூன்று பிரதி அடிப்பேன். பிறகு ஒத்துப் பார்ப்போம். நான் மூலத்தை எழுத்து எழுத்தாக வாசிப்பேன், அவர் சிவப்புப் பென்சில் முனையை என் பிரதியின்மேல் நகர்த்திக்கொண்டே வருவார். முற்றுப்புள்ளிக்கும் நான் "புள்ளி" என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் வேலையை மாற்றிக்கொள்வோம். அவர் வாசிப்பார், நான் பார்ப்பேன். இப்படி இரண்டு முறை. எங்கள் ஆபீஸிலிருந்து தப்பாக ஒரு காற்புள்ளிகூட வெளியே போனதில்லை. அதில் எங்கள் இருவருக்கும் பெருமை உண்டு.

எந்த வெற்றிக்காக இந்தத் தூண் என்று கேட்காதீர்கள். மூன்று வருஷம் டைப் அடித்த எனக்கே தெளிவாகத் தெரியாது. பெரிய சண்டையில் கடலில் ஜெயித்தோம், அவ்வளவுதான். எங்கள் துறைமுகத்திலிருந்து கடற்படைக்குக் கரி ஏற்றிக்கொண்டு போன ஒரு கப்பல் கண்ணிவெடியில் மோதி முழுகியது. அதில் போன வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் தூணின் முன்பக்கம், கண் மட்டத்தில், ஆற்றைப் பார்த்தபடி. அடுப்பில் கரி அள்ளிப் போட்ட நம் ஆட்கள் பதினோரு பேர். அவர்களுக்குப் பின்பக்கம், முழங்கால் உயரத்தில், டிராம் பாதையைப் பார்த்தபடி ஒரு பித்தளைத் தகடு.

அந்தப் பதினோரு பேரின் பட்டியல் துறைமுகத்திலிருந்து என் மேசைக்கு வந்தது. கப்பலில் ஆள் சேர்க்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் பெயர். இரண்டாவது கட்டம் குடும்பப் பெயர். வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு இல்லை. "உன் பேர் என்ன?" என்று கேட்டு முதல் கட்டத்தை நிரப்பிய குமாஸ்தா, "அப்பன் பேர் என்ன?" என்று கேட்டு இரண்டாவதையும் நிரப்பிவிட்டார். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே. கமிட்டியின் விதியோ, தகட்டில் குடும்பப் பெயரை முழுதாகவும் சொந்தப் பெயரை முதல் எழுத்தாகவும் போட வேண்டும் என்பது.

ஆகவே, பரமனின் மகன் மாடசாமி 'எம். பரமன்' ஆனான். பதினோரு மகன்களும் ஓர் எழுத்தாகச் சுருங்க, பதினோரு அப்பாக்கள் செத்துப்போனார்கள்.

டைப் அடிக்கும்போதே தெரிந்தது. தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். ஒத்துப் பார்க்கும்போது ஆறாவது வரியில் நிறுத்தினேன். என்னிடம் இருந்த தைரியம் முழுவதும் அவ்வளவுதான்.

"சார், இது அப்பா பேரு."

"எந்தக் கட்டத்துல இருக்கு?"

"ரெண்டாவது கட்டத்துல. ஆனா சார்…"

"ரெண்டாவது கட்டத்துக்கு என்ன தலைப்பு?"

"குடும்பப் பெயர்."

"அப்போ அது குடும்பப் பெயராத்தான் இருக்கணும், இல்லையா?" கிராம்பை அடுத்த கன்னத்துக்கு மாற்றினார். "துரை என்னைப் பதினெட்டு வருஷமா எங்க அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாரு. நான் செத்தா போயிட்டேன்? அடுத்த வரியை வாசி."

வாசித்தேன். புள்ளி விடாமல் வாசித்தேன். மூன்று பிரதியும் பிழையில்லாமல் போயின. தகடு கல்கத்தாவில் வார்க்கப்பட்டு, வைக்கோல் சுற்றி வந்து சேர்ந்தது. கல்லில் பதித்துத் துணி போட்டு மூடிவிட்டார்கள். அன்று இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கம்ப்ளைண்ட் வந்தா பார்த்துக்கலாம்" என்றார். செத்தவர்கள் எங்கே கம்ப்ளைண்ட் கொடுக்கப் போகிறார்கள் என்று நானும் சமாதானமானேன்.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது செத்தவர் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. சிரியம் என்ற அக்கரை ஊரில் எண்ணெய் ஆலையில் பீப்பாய் உருட்டும் வேலை. லான்ச் படகில் ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார். வாசற்படியிலேயே நின்று, "சயாமா" என்றார். பர்மாக்காரர்கள் வாத்தியாரம்மாவைக் கூப்பிடும் சொல் அது. சிரியத்து ஆட்கள் பேனா பிடித்த பெண் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சயாமா, எம்மவன் பேரு தூணுல வருதுன்னு லெட்டர் வந்துச்சு. எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். சாமான் கொண்டாந்து வைக்கணும்ல."

என்ன சாமான் என்று கேட்டேன். கருமாதிச் சாமான் என்றார். பையன் கடலில் போய் நாலு வருஷம் ஆகியும் கருமாதி நடக்கவில்லை. உடம்பு இல்லை, எலும்பு இல்லை. அவருடைய மனைவி பேச்சியம்மாள், "எம்புள்ளை செத்தான்னு எதைப் பார்த்து நான் நம்ப?" என்று உட்கார்ந்துவிட்டாள். தினம் ஒரு தட்டுச் சோறு எடுத்து வைக்கிறாள். அவன் பெயர் வார்த்த தகட்டைக் கண்ணால் கண்டால் மனசு ஆறும், அங்கேயே சடங்கை முடித்துவிடலாம் என்று பரமன் அவளைப் படாத பாடு பட்டுச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

தகட்டின் அச்சுப் படி என் மேசையில் இருந்தது. "வாசிச்சுக் காட்டும்மா" என்றார். நான் வேறு எதையாவது தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன். பிறகு வாசித்தேன்.

"எம். பரமன்."

அவர் சிரித்தார். "அது நான்ல?"

"அந்த எம்தான் உங்க பையன்…"

"எங்க அப்பன் பேரும் மாடசாமிதான், சயாமா. தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வச்சோம். ஆலையில எனக்குக் கொடுத்த சீட்டுல எம். பரமன்னுதான் இருக்கு." மடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அச்சுப் படிக்குப் பக்கத்தில் வைத்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. எங்கள் ஆபீஸில் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போன காகிதத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய சிரிப்பு மெதுவாக நின்றது. "பேச்சி கழுத்துல தாலி கிடக்கு. புருசன் பேரைச் சாவுத் தகட்டுல காட்டவா அவளைக் கூட்டிட்டு வரப் போறேன்?"

ஹெட்கிளார்க்கிடம் போனேன். அவர் துரையிடம் போனார். துரை கெட்டவர் அல்ல. நாய் வளர்ப்பவர், எல்லாரிடமும் தன்மையாகப் பேசுவார். விஷயத்தைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். ஒரே வரியில் தகப்பனுக்கும் மகனுக்கும் மரியாதை கிடைத்திருக்கிறதே, கிழவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். தகட்டை இனிப் பெயர்க்க முடியாது. பெயர்த்தால் கல் உடையும், விழா தள்ளிப்போகும், திறந்து வைக்க வரும் பெரிய துரைக்கு வேறு நாள் கிடையாது. கல்லை மாற்ற முடியாவிட்டால் காகிதத்தை மாற்றலாம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. 'இறந்துபோன மாடசாமி உயிரோடிருந்தபோது எம். பரமன் என்ற பெயராலும் அழைக்கப்பட்டு வந்தான்' என்று தகப்பனிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிவிட்டால் தகடு சரியாகிவிடும்.

அதையும் நான்தான் டைப் அடித்தேன். மூன்று பிரதி. ஒத்தும் பார்த்தோம்.

மறுநாள் பரமன் வந்தபோது ஹெட்கிளார்க் மைப் பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினார். "இதுல ஒரு பெருவிரல் வச்சா எல்லாருக்கும் நல்லதா இருக்காதா?"

பரமன் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தப் பரமன் கடல்ல முழுகிச் செத்துட்டான்னு நீங்க பித்தளையில போட்டிருக்கீக. செத்தவன் கைநாட்டு வச்சா கோர்ட்டுல செல்லுமா?"

பியூன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். ஹெட்கிளார்க் கிராம்பைக் கடித்து விழுங்கிவிட்டார்.

"விளையாடாதேயும். கையெழுத்துப் போடலேன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்? இன்னொரு தடவை சாகடிப்பீகளா? ஏற்கெனவே ஆலையில ஒரு பய, 'பரமண்ணே, செத்தவருக்கு எதுக்கு டீ'ன்னு என் குவளையைப் பிடுங்கிக் குடிக்கான்." துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்குக் காகிதம் வேண்டாம். எம்மவன் பேரு வேணும். அது இல்லைன்னா என் பேரை எடுத்துடுங்க. நான் கேக்கறது இந்த ரெண்டுல ஒண்ணுதான்."

இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை. வாக்குமூலம் கைநாட்டு இல்லாமலே ஃபைலில் சேர்ந்தது. மூலையில் பென்சில் டிக் இருந்தது. பிறகு அந்த டிக்கும் அழிந்து, கடைசியில் காகிதமே காணாமல் போனது. என் நாற்காலிக்கு வந்த பெண் தேடியும் கிடைக்காத காகிதம் அதுதான்.

விழா அன்று சதுக்கத்தில் பாண்டு வாத்தியம், கொடிகள், வரிசையாக நாற்காலிகள். இறந்தவர்களின் உறவினருக்கென்று போட்ட நாற்காலிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தோம். 'காலஞ்சென்ற எம். பரமனின் உறவினர்' என்ற சீட்டு ஒட்டிய நாற்காலியில் எம். பரமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பேச்சியம்மாள், மடியில் மூங்கில் கூடை. பெரிய துரை பேசினார். இந்த வீரர்களின் பெயர்கள் அழியா என்று ஐந்து தடவை சொன்னார். நான் எண்ணினேன். கமிட்டித் துரைமார்கள் ஐந்து தடவையும் தலையசைத்தார்கள். முன்பக்கத் துணியை விலக்கினார்கள், பாண்டு முழங்கியது. பின்பக்கத் துணியைப் பிறகு பியூன் போய் உருவிக்கொண்டு வந்தான்.

கூட்டம் கலைந்தது. எனக்கு அப்போது ஐந்து மாதம். வெயிலில் தலை சுற்றியது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம்; போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். பேச்சியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சயாமா, எங்க இருக்கான்?"

பரமன் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க நான் ஒரு பொய்யைப் பழகி வைத்திருந்தேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மொத்த வரியையும் காட்டி 'மாடசாமி' என்று வாசித்துவிடலாம். பொய் சொன்னால் பாவம். உண்மையைச் சொன்னால் அது அவள் தாலியில் விழும். பின்பக்கம் போய்க் குனிந்தேன். கடைசி நிமிஷத்தில் என் விரல் முதல் எழுத்தின்மேல் நின்றது, அதற்கப்பால் நகரவில்லை.

"இதுதான் மாடசாமி."

அவள் மண்டியிட்டு அந்த எழுத்தைத் தொட்டாள். விரலால் அதன் இரண்டு கூம்புகளிலும் ஏறி இறங்கினாள்.

"இம்புட்டுத்தானா?"

"முதல் எழுத்தும்மா."

"மிச்சம் நீளமா கிடக்கே, அது யாரு?"

பரமன் சொன்னார். "மிச்சம் நான்தான், பேச்சி. எம் பேரைப் போட்டுட்டானுவ."

மயங்கி விழுவாள் என்று பயந்து அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். புருஷனைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள்.

"கூறுகெட்ட பயலுவ. கரி அள்ளினவன் அவன், முழுகினவன் அவன். பேரு மட்டும் ஒமக்கா?"

கூடையிலிருந்து வாழை இலையை எடுத்து ஒரு துண்டு கிழித்தாள். "இதை ஒம்ம பேரு மேல பிடியும். கை எடுக்கப்படாது" என்றாள். பரமன் தம் பெயரின்மேல் இலையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெளியே தெரிந்தது ஒரே ஓர் எழுத்துதான். அதற்கு நல்லெண்ணெய் தேய்த்துச் சேலை முந்தானையால் துடைத்தாள். எள்ளும் சோறும் வைத்தாள். சூடம் கொளுத்தினாள். நாலு வருஷம் அழாமல் இருந்த அழுகையை அப்போதுதான் அழுதாள்.

புகையைக் கண்டு போலீஸ்காரர் ஓடிவந்தார். இங்கே நெருப்பு மூட்ட யார் உத்தரவு கொடுத்தது என்று கத்தினார். பரமன் இலையை விட்டுக் கை எடுக்க முடியாது. எங்கள் ஹெட்கிளார்க் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "கமிட்டி ஆபீஸ் உத்தரவு" என்றார். கொடுத்தவர் பெயர் என்ன என்று போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "ஞானமுத்து" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல். தம் பெயரைக் கடைசிவரை கொடுக்கவில்லை. அப்பாவைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். என்றாலும் அந்த மூன்று வருஷத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அடுத்த மாதம் நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். கோபத்தில் நின்றேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல, வயிறு தெரிந்தபின் அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிரிவு உபசாரத்தில் துரை என் வேலையில் பிழையே வந்ததில்லை என்று புகழ்ந்தார். எழுந்து வணங்கினேன். அதை இப்போது நினைத்தாலும் முகம் எரிகிறது. என் குழந்தையின் பெயரைப் பதிவு செய்தபோது மூன்று தடவை திரும்பப் போய், எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தேன். அங்கிருந்த குமாஸ்தா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மற்றப் பத்துப் பேரைத் தேடி யாரும் வரவில்லை. முதல் கட்டத்தில் இருந்த அவர்களுடைய சொந்தப் பெயர்களை நான் ஒரு தடவை வாசித்திருக்கிறேன், எழுத்து எழுத்தாக. நினைவிலிருந்து எழுதுகிறேன்: சுடலைமுத்து, இருளப்பன், பிச்சை, குருசாமி, அந்தோணி, ராமையா, செல்லையா, பழனி, வேலு. ஒன்பதுதான் வருகிறது. மூன்று நாளாக யோசிக்கிறேன், பத்தாவது வரவில்லை. குருசாமி சரிதானா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவர்களைச் சேர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தகட்டில் தேட வேண்டியது முதல் எழுத்தை மட்டும்தான்.

மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சில நாள் அந்தப் பக்கம் போவேன். சனிக்கிழமைதோறும் பேச்சியம்மாள் லான்ச்சில் வந்து எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போகிறாள். மழையிலும் ஆற்றுக் காற்றிலும் தகடு முழுவதும் பச்சை பிடித்துவிட்டது. அந்த ஓர் எழுத்து மட்டும் டிராமில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி மின்னுகிறது. பார்வைக்கு நன்றாயில்லை என்று கமிட்டி கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது. இப்போது வாரம் ஒரு தடவை ஆள் வந்து, அந்த எழுத்துக்கு ஈடாக மற்ற எழுத்துகளையெல்லாம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்கிறான். இன்னும் ஈடாகவில்லை.